புளி போட்டுத் தேய்த்த பறவை

அத்தியாயம் பன்னிரண்டு

டப்பில் இருந்த தண்ணீர் சிவந்துபோயிருந்தது.

வசந்தாமணி முதலில் தன் விரல்களைத்தான் பார்த்தாள். எங்கும் வெட்டு இல்லை. கையைத் திருப்பினாள். உள்ளங்கை ரேகையெல்லாம் தங்கமாக மின்னியது. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரிலும் தங்கம். அப்புறம்தான் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

சட்டத்தில் இருந்த தங்கத்தில் பாதி, சட்டத்தில் இல்லை.

இந்தக் கண்ணாடி ஒரு மாதமாக அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில் இவர்களுடைய அபார்ட்மெண்டில் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பது, கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். செப்டம்பர் புயலில் பவுண்ட் புரூக் ஊரே முழுகியபோது, ஹாஸ்கெலின் பழம்பொருள் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். அவள் கணவன் திருமூர்த்தியும் இன்னொரு ஆளும்தான் அதைத் தலைக்கு மேல் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை உன் வீட்டில் இருக்கட்டும், போர்வையை மட்டும் பிரிக்காதே என்றார் ஹாஸ்கெல். அவர் திருமூர்த்தியின் முதலாளி. அவர் கையெழுத்துப் போட வேண்டிய கிரீன் கார்டு பாரம் பதினான்கு மாதமாகக் காத்திருந்தது. கையெழுத்து விழாவிட்டால் ஜனவரியோடு விசா முடிகிறது. மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்று திங்கட்கிழமை. சரஸ்வதி பூசை.

விடியற்காலை ஆறு மணிக்கே பூசை முடிந்துவிட்டது. ஹாலின் மூலையில் மணைமேல் மகள் வெண்பாவின் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள். பக்கத்தில் திருமூர்த்தியின் பூச்சுக் கரண்டிகள், இழைப்புக் கத்தி, ரம்பம். எல்லாவற்றுக்கும் மேலே பாரம், பிளாஸ்டிக் உறையோடு, சந்தனப் பொட்டோடு. பொட்டு வைத்துவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பினான். நாளை விஜயதசமி பூசை முடியும்வரை அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

மாலையில் ஐந்தாறு பெண்கள் சுண்டலுக்கு வருவார்கள். அதற்காகத்தான் வசந்தாமணிக்கு அந்த ஆசை வந்தது. தெருவோரம் யாரோ போட்டுப்போன சோபா, கால் ஆடுகிற மேசை. இவற்றையே பார்த்துவிட்டுப் போகிறவர்கள், ஒரே ஒரு சாயங்காலம், விளக்குக்குப் பின்னால் ஆள் உயரத் தங்கக் கண்ணாடியைப் பார்க்கட்டுமே. நாளைக் காலை திரும்பப் போர்த்திவிட்டால் யாருக்குத் தெரியும்?

போர்வையைப் பிரித்தாள். சட்டத்தில் நேர்கோடு என்று ஓர் அங்குலம் இல்லை. கொடி வளைந்து இலையாகி, இலை சுருண்டு சிப்பியாகி, சிப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுவதுபோல் சட்டம் வழிந்தது. உச்சியில் இடப்பக்கம் நீண்ட கழுத்துப் பறவை ஒன்று, வலப்பக்கம் இன்னொன்று. இரண்டும் சிறகை விரித்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் இருநூற்று நாற்பது வருடத்துக்கு முன் செய்தது என்று முன்பொருமுறை திருமூர்த்தி சொன்னது நினைவு வந்தது. ஆனால் மடிப்பிலெல்லாம் கறுப்பு.

தேங்காய்த் துருவி கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த ஷ்யாமளா கதவோரம் நின்று சொன்னாள்: "என்ன வசந்தா, சபா மேடையைத் தூக்கிண்டு வந்துட்டேளா? பித்தளை நன்னாக் கறுத்துடுத்து. புளி போட்டுத் தேய்ங்கோ, பளபளன்னு ஆயிடும்."

விளக்கு துலக்கிய புளி மிச்சம் இருந்தது. உப்பும் சேர்த்துக்கொண்டாள்.

போன் அடித்தபோது அவள் அந்த டப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வசந்தா! கேளு புள்ள." திருமூர்த்தியின் குரலில் அத்தனை சிரிப்பு வந்து வருடமாகிறது. "சாயங்காலம் நாலு மணிக்கு மொதலாளி நம்மூட்டுக்கு வர்றாரு. கண்ணாடிய எடுத்துட்டுப் போக. பாரத்துலயும் கையெழுத்துப் போடறேன்னுட்டாரு. அவரே சொன்னாருங்கறேன், நான் கேக்கவே இல்ல."

"சரிங்க."

"என்ன, சந்தோசமே இல்லாம சரிங்கற?"

"சீக்கிரம் வாங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு வந்தான். கதவைத் திறந்தவள் வழிவிடாமல் நின்றாள்.

"அடிக்கறதுன்னா அடிச்சுருங்க. சத்தம் மட்டும் போடாதீங்க."

அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான். பார்த்தான். அடிக்கவும் இல்லை, சத்தமும் போடவில்லை. சோபாவின் கைப்பிடியில் மெல்ல உட்கார்ந்தான்.

"என்ன வெச்சுத் தேச்ச?"

"புளி."

"உப்பு?"

"கொஞ்சமாத்தான்."

"மொளகாயும் போட்டிருந்தா ரசமாயிருக்கும்."

"பித்தளைன்னு நெனச்சனுங்க."

"பித்தளையா இருந்தா ரெண்டாளு தூக்க முடியுமா? என்ற முதுகெலும்பு அந்தத் தண்ணியிலயே ஒடஞ்சிருக்கும்." பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "மரம் புள்ள. மரத்துமேல சுண்ணாம்பு. சுண்ணாம்பு மேல செம்மண்ணு. அதுக்கும் மேல தங்க ரேக்கு. ஒட்டியிருக்கறது தோல் பசையில. ஈரத்துணி பட்டாலே போயிரும். நீ குளிப்பாட்டியிருக்கற."

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மாசமா பொணத்தாட்டம் போத்தி வெச்சிருந்தீங்க. இது இன்ன சாமான், இதுல தண்ணி படக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"பிரிக்காதேன்னு சொன்னனா இல்லியா?"

"அதத்தான் சொன்னீங்க."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு மணி நேரம். பட்டறையில் ஆறு வருடம் இழைத்தவன், தேய்த்தவன், பூசினவன். தங்கம் ஒட்ட முடியாது. ஆனால் பொத்துப்போன இடத்தைச் சீர்செய்து, மஞ்சள் பூசி, போர்வை சுற்றிவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். கையெழுத்து விழுந்த பிறகு காலில் விழலாம். மூலையில் இருந்த மணையை நோக்கிப் போனான்.

அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"பூசையில வெச்சத எடுக்கப் போறீங்களா?"

"கரண்டி இல்லாம கையிலயா பூசறது?"

"கையில பூசுங்க. அத மட்டும் தொடாதீங்க. இன்னிக்கு நடந்தது போதும்."

அவளுடைய கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்து அவன் திரும்பிவிட்டான். கையாலேயே ஆகட்டும். எங்கே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க, நாற்காலியைப் போட்டு ஏறினான்.

இடப்பக்கப் பறவையின் முதுகைத் தடவினான். தங்கம் போய்ச் செம்மண் தெரிந்தது. செம்மண் போன இடத்தில் தாள் கனத்துக்குச் சுண்ணாம்பு. அதுவும் போன இடத்தில் கறுத்த பழைய மரம். ரேகை ஓடுகிற மரம். சரி.

நாற்காலியை நகர்த்தி வலப்பக்கம் ஏறினான். தங்கம் போய்ச் செம்மண். செம்மண் போய் வெள்ளை. நகத்தால் சுரண்டினான். வெள்ளை. இன்னும் ஆழமாகச் சுரண்டினான். வெள்ளைதான்.

மரம் வரவே இல்லை.

"வசந்தா. இதோட ரெக்க நுனி எங்க?"

அவள் சமையலறைக்குப் போய், அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததைக் கொண்டுவந்தாள். விரல் நீளத்துக்கு ஒடிந்த சிறகு. ஒடிந்த வாயில் பஞ்சு வெள்ளை. நடுவில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் வேணும்னு ஒடைக்கலீங்க. தேய்க்கறப்ப கையோட வந்துருச்சு."

அவன் அவள் பேச்சைக் கேட்கவில்லை. சிறகு உடம்போடு சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்தான். அங்கே ஒரு சுழி இருந்தது. வெளியிலிருந்து உள்ளே திரும்பி, மறுபடியும் வெளியே வருகிற சுழி. இடப்பக்கப் பறவைக்கு அப்படி ஒரு சுழி இல்லை. இங்கிலாந்துக்காரன் எவனும் அதைப் போட்டிருக்க மாட்டான்.

அவனுடைய கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் அப்படியே பொருந்தியது.

திருமூர்த்தி உடுமலைப் பக்கம் கோபுரங்களில் சுதை வேலை செய்தவன். இங்கே ஒரு கோயிலுக்குப் பொம்மை செய்யத்தான் முதலில் வந்தான். அன்னப்பட்சிக்குச் சிறகு வைக்கும்போதெல்லாம் அந்தச் சுழியைப் போடுவது அவன் கைக்குப் பழகிப்போன ஒன்று. யோசித்துப் போடுவதில்லை. கை தானாகப் போய்விடும்.

இறங்கி, கீழே கம்பளத்தில் உட்கார்ந்தான்.

"போன வருசம் கோடைல," என்றான் மெதுவாக, "ஒரு மரப்பறவையத் தனியாக் கொண்டாந்து குடுத்தாரு. அச்செடு, சுதையில பன்னண்டு ஊத்து, நாடகக் கம்பெனிக்காரனுக்கு வேணும்னாரு. ஊத்தினேன். ஒண்ணுல மட்டும் ரெக்க மூட்டு சரியா விழுகல, காத்து நின்னுபோச்சு. வீணாக்க வேண்டாமேன்னு அத நானே கையில கட்டினேன்."

"அதுக்கு?"

"அந்த ஒண்ணுதான் இது."

வசந்தாமணி சட்டத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இங்க இருந்த மரப்பறவை?"

"வித்திருப்பாரு. வேற எங்க போகும்? அன்னிக்கு அச்செடுக்கக் குடுத்தது அதுதான்."

இந்தக் கண்ணாடி பிரின்ஸ்டனில் மிஸஸ் பெல்லமி என்ற கிழவியுடையது. பழுது பார்க்கக் கொடுத்தது. சுவரிலிருந்து இறக்கப் போனவர்களில் திருமூர்த்தியும் ஒருவன். பனி பெய்துகொண்டிருந்த நாள். எழுபது தாண்டிய அந்த அம்மாள், அவன் ஏறிய ஏணியைக் கடைசிவரை தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏணி ஆடவே இல்லை, அது நல்ல ஏணி. ஆனாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரில் கோபுரத்தில் ஏறிய இத்தனை வருடத்தில், வீட்டுக்குச் சொந்தக்காரர் யாரும் அவனுக்கு ஏணி பிடித்ததில்லை.

மூன்று மணிக்கு வெண்பா ஸ்கூல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையை இறக்கியவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அப்பா, ஐ டிட்ன்ட் டச் இட்."

"தெரியும் கண்ணு. இங்க வந்து உக்காரு."

எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதா என்று வசந்தாமணி கண்ணால் கேட்டாள். முதலாளி பேசுவதில் பாதி அவனுக்குப் புரியாது. புரிகிறவள் இவள் ஒருத்திதான்.

"ஸோ ஹி ஸ்டோல் இட்" என்றாள் வெண்பா. "வீ ஷுட் டெல் தட் லேடி."

"சொல்லிப்போட்டு?" என்றாள் வசந்தாமணி. "ஜனவரில எந்த ஸ்கூலுக்குப் போவ நீ? உடுமலைலயா?"

"ஐ டோன்ட் கேர்."

"நீ கேர் பண்ண மாட்ட. உங்கப்பன் கோயில் வேலைல பனியில கல்லு சுமந்தாரே, அதுக்கு யாரு கேர் பண்றது?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றான் திருமூர்த்தி.

வெளியே வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணி மூன்றே முக்கால்தான்.

ஹாஸ்கெல் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். கையில் பெண்ணுக்கு ஒரு சாக்லேட் பெட்டி. ஊதுவத்தி வாசனைக்கு மூக்கைச் சுளித்து, நல்ல வாசனை என்று சொன்னார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

அவர் கத்துவார் என்று மூன்று பேரும் எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. பாதி வெளுத்த சட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. நேரே வலப்பக்கப் பறவையிடம் போனார். கம்பி நீட்டியிருந்த இடத்தில் அவருடைய விரல் ஒரு கணம் நின்றது.

திரும்பி, மிகவும் அமைதியாக ஏதோ கேட்டார்.

"யார் யார் பார்த்தாங்கன்னு கேக்குறார்" என்றாள் வெண்பா. பயம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

திருமூர்த்தி எழுந்து போய்ப் பறவையின் மூட்டில் கட்டைவிரலை வைத்தான்.

"திஸ் பேர்ட்," என்றான், "ஐ மேக்."

ஹாஸ்கெல் அவனைப் பார்த்தார். ஆறு வருடத்தில் அவனை அவர் அப்படி உற்றுப் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு சோபாவில் உட்கார்ந்து, பிள்ளைக்குக் கதை சொல்வதுபோல் நிதானமாகப் பேசினார். வெண்பா சொல்லச் சொல்ல இவர்கள் கேட்டார்கள்.

தண்ணீர் பட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வெள்ளத்தில் நனைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். மிஸஸ் பெல்லமி நாளை பத்து மணிக்குக் கண்ணாடியைப் பார்க்கப் பட்டறைக்கு வருகிறாள். வெள்ளத்திலிருந்து தூக்கியவனையும் பார்க்க வேண்டுமாம், நன்றி சொல்ல. நீயும் இரு. அதிகம் பேச வேண்டாம். கேட்டால், எல்லாம் பழைய மரம், ஒன்றும் மாறவில்லை என்று மட்டும் சொல். உன் பேச்சை அவள் நம்புவாள்.

பிறகு இன்னும் ஏதோ சொன்னார். வெண்பா வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன கண்ணு? சொல்லு."

"வேண்டாம்ப்பா."

"சொல்லு."

"ஹி இஸ் சேயிங்..." அப்பாவின் கையைப் பார்த்தாள். "அந்த பேர்டை நீங்கதான் பண்ணீங்கன்னு சொல்றார். போலீஸ் வந்தா அவங்க தேடறது உங்க கையைத்தானாம்."

ஹாஸ்கெல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி சிரித்தார்.

"பிரிங் மி தி ஃபார்ம், மூர்த்தி."

இது யாரும் மொழிபெயர்க்காமலே வசந்தாமணிக்குப் புரிந்தது. பதினான்கு மாதமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. நாலு எட்டு நடந்தால் மணை. உறையை உருவினால் பாரம். அவள் கணவனைப் பார்த்தாள்.

திருமூர்த்தி மூலையைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். பிறகு வெண்பாவிடம் சொன்னான்:

"சொல்லு கண்ணு. பாரம் பூசையில இருக்குது. இன்னிக்கு எடுக்கக் கூடாது."

வெண்பா சொன்னாள். ஹாஸ்கெல் சரியாகக் காதில் விழாதவர்போல் தலையைச் சாய்த்தார். அவள் மறுபடியும் சொன்னாள். புத்தகம், ஆயுதம், காகிதம், எதையும் தொடக் கூடாது, நாளைக் காலைதான் எடுப்போம்.

"ஒரு வருடமாக அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் சுற்றினாய்" என்று அவர் சொன்னதை வெண்பா அப்படியே சொன்னாள். "இன்றைக்கு நான் பேனாவோடு வந்தால், முடியாது என்கிறாய்."

"இன்னிக்கு முடியாது" என்றான் திருமூர்த்தி.

ஹாஸ்கெல் பேனாவை மூடினார். சிரிப்பு போய்விட்டது. நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறேன், காகிதத்தோடும் சரியான பதிலோடும் தயாராக இரு என்றார். இருவருமாகக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றினார்கள். கிளம்பப் போனவர் மறுபடியும் உள்ளே வந்தார். ஒடிந்த நுனி எங்கே என்று கேட்டார்.

வெண்பா அப்பாவைப் பார்த்தாள். திருமூர்த்தி கம்பளத்தைப் பார்த்தான். அது கடைசியாகத் தன் கையில்தான் இருந்தது. எங்கே வைத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அமெரிக்காவுக்கு வந்து ஐந்து வருடத்தில் வெள்ளைக்காரர் யாரிடமும் வாய் திறந்திராத வசந்தாமணி, முன்னால் வந்து டப்பைக் காட்டினாள்.

"நோ," என்றாள். "ஆல் வாட்டர்."

ஹாஸ்கெல் குனிந்து டப்பைப் பார்த்தார். கலங்கிய சிவப்புத் தண்ணீர். அடி தெரியவில்லை. கையை விட்டுத் துழாவ அவருக்கு மனமில்லை. போய்விட்டார்.

வேனின் சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தது.

"எங்க புள்ள அது?"

வசந்தாமணி மூலைக்குப் போனாள். எதையும் எடுக்கவில்லை. கணக்குப் புத்தகத்தின் மேலிருந்த சாமந்திப் பூவை விரல் நுனியால் ஒதுக்கினாள். அடியில், பாரத்தின் பிளாஸ்டிக் உறைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சிறகு கிடந்தது.

"வேன் சத்தம் கேட்டதும் வெச்சுட்டேன். அவரு அங்க கை வெக்க மாட்டாருன்னு தெரியும்." மூச்சு வாங்கினாள். "பூசையில வெச்சாச்சு. இனி அதையும் நாளைக்குத்தான் எடுக்கணும்."

திருமூர்த்தி மணைக்கு முன்னால் மண்டியிட்டான். பாரமும் சிறகும் அருகருகே இருந்தன. நாளை எட்டு மணிக்கு ஒருவர் வருவார். பத்து மணிக்கு ஏணி பிடித்தவள் வருவாள்.

"அப்பா," என்றாள் வெண்பா பின்னாலிருந்து. "டுமாரோ... விச் ஒன் வில் யூ டேக் ஃபர்ஸ்ட்?"

பாரத்தில் காலையில் வைத்த பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. சந்தனக் கிண்ணத்தில் விரலை நனைத்தான். கை தானாகப் போய், சிறகின் வெள்ளையில் ஒரு பொட்டு வைத்தது.